ஆராய்ச்சி மணியும் ஐந்து பவுண் தண்டமும்

1822ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆம் நாள் இங்கிலாந்திலே ஒரு சட்டம் நிறைவேறியது. கால்நடைகளைக் கொடுமையாகவும் முறையின்றியும் நடத்துவதைத் தடுக்கும் சட்டம் என்பது அதன் பெயர். அதனைப் பாராளுமன்றத்திற் கொணர்ந்தவர் அயர்லாந்தின் கோல்வே தொகுதிப் பிரதிநிதியாகிய றிச்சட் மாட்டின் (1754 - 1834) என்பவர். ஆதலின் மாட்டின் சட்டம் என்றே அது வழங்குவதாயிற்று. தமிழில் எழுதுங்கால் அப்பெயர் மாட்டினது சட்டம் என்றும் பொருள்படுதல் தற்செயலேயாயினும் பொருத்தமுடையதே. அவ்வாண்டின் மார்கழியில் நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். இவ்விரு செய்திகளுக்கும் தொடர்பு யாதென வினவுவோர்க்கு விடை பின்னர்ப் பெறப்படும்.

குதிரை, கோவேறு கழுதை, கழுதை, எருது, பசு, கிடாரி, செம்மறி முதலிய கால்நடைகளை எவனேனும் வேண்டுமென்றே கொடுமையாக அடித்தால், அல்லது துன்புறுத்தினால், அவனை நீதவான் முன் நிறுத்தலாம் என அச்சட்டம் கூறிற்று. குற்றம் நிறுவப்படின் 10 சிலினுக்குக் குறையாமலும் 5 பவுணுக்கு மேற்படாமலும் தண்டம். தண்டம் இறுக்கத் தவறின் 3 மாதத்துக்கு மேற்படாத சிறை. அடித்தவன் அவ்விலங்கின் உடையவனேயாயினும் அவனுக்கு விலக்கில்லை. இவையெல்லாம் வரலாற்று நூல்களிற் பலராலும் எடுத்துக் கூறப்படுவன. ஆயின் அச்சட்டத்தின் கடைப்பகுதியில் வரும் இரண்டு வாசகங்களை அவ்வளவாக ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. குற்றம் நிகழ்ந்து 10 நாளுள் வழக்குத் தொடங்கப்படல் வேண்டும் என்பது ஒன்று. முறைப்பாடு வீணானதென நீதவான் கருதின், முறையிட்டவனே 20 சிலின் வரை எதிரிக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது மற்றையது. ஆகவே, விலங்கின் பொருட்டு நீதிமன்றப் படியேறுவோன் தன் நாளையும் தன் பணத்தையும் பணயமாக வைத்தே ஏறவேண்டியவனானான். உயிர்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தண்டிக்கும் சட்டங்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே சுழல்கின்றது எனலாம்: முறையிடுவோர் யார்?

நம் நாட்டுப் பழைய கதை ஒன்று இவ்வினாவுக்கு எளிதில் விடை கூறிவிடுகின்றது. அனுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசாண்ட தமிழ் மன்னனாகிய எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்று கட்டி வைத்திருந்தான் என மகாவமிசம் கூறும். இளவரசனின் தேர்ச்சக்கரத்திற் கன்றை இழந்த பசு வந்து அம்மணியை இழுத்தது. பாம்பினாற் குஞ்சை இழந்த பறவையொன்றும் இழுத்ததாம். மனுநீதி கண்ட சோழன் மேல் வைத்துத் தமிழ் நாட்டார் கூறுங் கதையும் இதுவே. கதையிலே பசுவே வாதி, அதுவே சாட்சி, மன்னனே நீதிபதி. இடையில் வேறொருவரும் வேண்டாம். அசோகச் சக்கரவர்த்தி தன் ஐந்தாந் தூண் கட்டளையிற் கொல்லத் தகாத உயிர்களைப் பெயர் கூறி விதித்தான். ஈழத்து ஆமண்டகாமணி அபயன் தீவெங்கும் உயிர்க்கொலை ஆகாதென ஆணையிட்டான். இவையெல்லாம் அரசனின் அருளிற் பிறந்தவை; அரசன் மாறின் அருளும் மாறும். எல்லாளனுடைய மணியோ கேட்பதற்கினிய கதை. மெய்யுலகிற் பசு மணியடிப்பதில்லை. அது வாயில்லாச் சீவன். பிறனொருவன் அதன் பொருட்டு வாய் திறந்தாலன்றி எந்த மன்றமும் அதன் குறையைக் கேளாது.

இங்கிலாந்தின் பழைய வழக்கிலே விலங்கு வெறும் உடைமை. அயலான் குதிரையின் காலை ஒருவன் ஒடித்தால் அது குற்றம். அக்குற்றமும் குதிரைக்கு நேர்ந்த நோவைப் பற்றியதன்று, குதிரைக்காரனுக்கு நேர்ந்த நட்டத்தைப் பற்றியது. தன் குதிரையின் காலைத் தானே ஒடிப்பவனைக் கேட்பாரில்லை. இதற்குப் புறம்பாகச் சில விதிகள் அங்குமிங்கும் தோன்றாமலில்லை. 1635இல் அயர்லாந்திலே குதிரையின் வாலிற் கலப்பையைப் பிணைத்து உழுவதையும், உயிருள்ள செம்மறியின் உரோமத்தைப் பிடுங்குவதையும் தடுத்து ஒரு சட்டம் செய்யப்பட்டது. 1641இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் குடியேற்றத்தார் தம் உரிமைப் பட்டியலில், மனிதன் தன் பயன் கருதி வளர்க்கும் விலங்குகள் மேற் கொடுமை செய்யலாகாதென ஓர் இடம் வகுத்தனர். ஆயினும் இவை பிற்காலத்துக்கு வழிகாட்டியாக அமையவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரமி பெந்தம் என்னும் சட்ட அறிஞர் 1789இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஓர் அடிக்குறிப்பாக ஒரு கருத்தைக் கூறிச் சென்றார். விலங்கு பகுத்தறியுமா, பேசுமா என்பன வினாவல்ல. அது நோவுறுமா என்பதே வினா என்பது அக்கருத்தின் சாரம். பெரிய மாற்றங்கள் சில அடிக்குறிப்பிலே தொடங்குவதுண்டு. ஆனால் அறிஞர் கருத்துப் பாராளுமன்றத்தை எட்டுதற்கு நெடுநாட் செல்லும். 1800இற் சேர் வில்லியம் புல்ற்னி, எருதைக் கட்டி வைத்து நாய்களை ஏவிக் கடிக்க விடும் விளையாட்டைத் தடுக்க ஒரு மசோதாக் கொணர்ந்தார். அது இரண்டே வாக்குகளால் தோற்றது. 1802இல் மீண்டும் ஒன்று, அதுவும் தோற்றது. 1809இல் முன்னாள் சட்டத்துறைத் தலைவரான எர்ஸ்கின் பிரபு கொணர்ந்தது பிரபுக்கள் சபையில் நிறைவேறிக் கீழ்ச்சபையில் வீழ்ந்தது.

இம்மூன்று முறையும் எதிர்த்து நின்றவர் வில்லியம் விண்டம். அவரைக் கொடியவர் என ஒதுக்கிவிட்டு மேலே செல்வது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. அவர் கூறிய தடையில் ஒரு நியாயம் இருந்தது. ஏழைத் தொழிலாளி ஆண்டுக்கொருமுறை கண்டு களிக்கும் எருது விளையாட்டைக் கொடுமையென்று தடை செய்யும் இச்சபையினர் வாரந்தோறும் நரியையும் மானையும் நாய் விட்டுத் துரத்துகின்றனரே, அது கொடுமையன்றோ என அவர் கேட்டார். சிட்னி சிமித் என்னும் பாதிரியார் 1809இல் எடின்பரோக் காலாண்டேட்டிலே இதே குறையைப் பிறிதொரு வகையில் நகைத்தெழுதினார்: குற்றங்களை ஒழிக்கப் புறப்பட்ட சங்கத்தார் ஆண்டு வருமானம் 500 பவுணுக்குக் குறைந்தவர்களின் குற்றங்களையே ஒழிக்க முற்படுகின்றனர் என்பது அந்நகையின் கருத்து. இந்த அம்பு குறி தவறியதன்று. இதன் தழும்பைப் பின்னருங் காண்போம்.

மாட்டின் என்பவரும் ஒரு விசித்திரமான மனிதரே. பெரும் நிலக்கிழார், வேட்டைப் பிரியர், கைத்துப்பாக்கி ஏந்தி இருவர் பொருதும் துவந்த யுத்தங்களிற் பலமுறை நின்றவர். அத்தகையவர் கழுதைக்காகக் கண்ணீர் விட்டது அவருடைய காலத்தவர்க்கு வேடிக்கையாய் இருந்தது. 1821இல் அவர் குதிரைகளுக்காக ஒரு மசோதாக் கொணர்ந்தபோது, கழுதையையுஞ் சேர்த்தால் என்ன என ஓர் உறுப்பினர் கூற, எழுந்த சிரிப்பொலியில் மேலே பேசியது நிருபர் காதில் விழவில்லையாம். அடுத்த ஆண்டே கழுதையுஞ் சேர்ந்தது, மசோதாவும் நிறைவேறியது. மன்னர் அவருக்கு இரக்கத்தின் பேராற் பட்டப்பெயரிட்டு அழைத்தார்.

சட்டம் நிறைவேறியது, இனி நடைமுறைப்படுத்துவோர் யார்? இலண்டன் மாநகரப் பொலிஸ் படை நிறுவப்பட்டது 1829இலேயே. ஆகவே இச்சட்டம் பொலிசாருக்கு ஏழாண்டு மூத்தது. அரசாங்கத்தின் பேரால் முறையிட ஓர் அலுவலர் இருக்கவில்லை. மாட்டின் தாமே புறப்பட்டார். இலண்டனின் நடுவிலிருந்த சிமித்பீல்ட் மாட்டுச் சந்தைக்குச் சென்று, 1822 ஆகஸ்டிலேயே குதிரைகளை அடித்தோரைப் பிடித்து நீதவான் முன் நிறுத்தித் தண்டம் பெறுவித்தார். கழுதையை அடித்த வியாபாரி ஒருவனின் வழக்கில், கழுதையையே மன்றத்துக்குக் கொணர்ந்து அதன் காயங்களைக் காட்டினார் என்று ஒரு செய்தி உண்டு; அக்காட்சியை அக்காலத்து ஓவியர் வரைந்தும் உள்ளனர். தண்டம் இறுக்க இயலாத ஏழைக்குத் தாமே பாதிப் பணம் உதவுவார் என்றுங் கூறுவர். நகைப்புக்கிடமாகத் தோன்றும் இச்செய்கைகளே சட்டத்துக்கு உயிரளித்தன என்பதை மறுத்தல் அரிது. ஏட்டிலிருந்த வாசகம் சந்தைத் தெருவுக்கு வந்தது ஒரு மனிதன் தன் காலால் நடந்து சென்றமையாலேயே.

ஒரு மனிதன் எத்தனை சந்தைக்குப் போவான்? 1824 யூன் 16ஆம் நாள் ஆதர் புறூம் என்னும் பாதிரியாரின் அழைப்பில் இலண்டன் சென் மாட்டின் ஒழுங்கையிலுள்ள கோப்பிச் சாலை ஒன்றிற் சிலர் கூடினர். மாட்டினும், அடிமை வணிகத்தை ஒழித்த வில்பபோசும், பவுவெல் பக்ஸ்ரனும் அவர்களுட் சிலர். விலங்குவதைத் தடைச் சங்கம் அன்று பிறந்தது. இரண்டு குழுக்கள் அமைக்கப்பட்டன. ஒன்று நூல்களும் பிரசங்கங்களும் வெளியிட்டு மக்கள் மனத்தைத் திருத்துவது. மற்றையது சந்தைகளையும் தெருக்களையும் கொல்களங்களையும் கண்காணிப்பது. புறூம் பாதிரியார் தம் தேவாலயப் பதவியைத் துறந்து, தம் கைப்பணத்திற் கண்காணிப்பாளருக்குச் சம்பளங் கொடுத்தார். பயன்? சங்கம் கடனில் மூழ்கியது. 1826இற் பாதிரியார் கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். அதே காலத்திற் பாராளுமன்ற ஆசனத்தை இழந்த மாட்டினும் கடன்காரருக்கு அஞ்சிப் பிரான்சுக்குச் சென்று, 1834இல் அங்கேயே இறந்தார். வாயில்லா உயிர்களுக்காக வழக்காடியோர் இருவரும் தம் வழக்கிற் தோற்றோராயினர்.

சங்கத்தை அழியாமற் காத்தவர் லூயிஸ் கொம்பேட்ஸ் என்னும் யூதர். விலங்கிலிருந்து பெறும் எவ்வுணவையும் உண்ணாதவர். குதிரை வண்டியிலும் ஏறாதவர். 1826 முதல் 1832 வரை செயலாளராயிருந்து கடனை அடைத்துச் சங்கத்தை நிலைநிறுத்தினார். அவ்வளவில், இச்சங்கம் கிறித்தவ நெறியின் அடிப்படையிலேயே நடைபெறும் எனத் தீர்மானம் இயற்றப்பட்டது, அவர் விலகினார். எல்லா உயிர்க்கும் இரங்குவதற்கெனக் கூடியவர்கள் ஒரு மனிதரின் மனத்தைப் புண்படுத்தியனுப்பியது இச்சங்கத்தின் வரலாற்றில் ஒரு கறையே. 1840இல் விக்டோரியா மகாராணியார் தம் அரச பட்டத்தைச் சங்கத்துக்கு அளித்தார். அரச என்னும் அடைமொழி அதன் பெயருக்கு முன் வந்த பின்னும் அதன் கண்காணிப்பாளர் அரச அலுவலர் ஆனாரில்லர். சம்பளங் கொடுப்பது சங்கம். அவர்கள் முறையிடுவது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமையைக் கொண்டே. 1838இற் சேவற்போர் ஒன்றைத் தடுக்கச் சென்ற கண்காணிப்பாளர் ஒருவர் அடிபட்டு இறந்தார்.

சட்டத்தின் வாசகத்திலே ஒரு பெருந்துளை இருந்தது. பட்டியலில் எருது உண்டு, பசு உண்டு, காளை இல்லை. பிற கால்நடைகள் என்னும் பொதுச் சொல்லினுட் காளை அடங்காதோ எனின், அடங்காதென 1827இல் மன்று தீர்ப்பளித்தது. எந்த விளையாட்டைத் தடுக்க 1800 முதல் முயன்றனரோ அந்த விளையாட்டே சட்டத்துக்குப் புறம்பாய் நின்றது. நாயும் பூனையுங் கூட அவ்வாறே. 1835இல் யோசெப் பீஸ் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் காளையும் நாயும் பிற வீட்டு விலங்குகளும் சட்டத்தினுட் புகுந்தன. விலங்குகளைப் பொருத விடுவதற்கென இடம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. பட்டியில் அடைத்த கால்நடைக்குத் தீனும் நீரும் கொடுத்தல் கடமையென்றும் அச்சட்டம் விதித்தது. இத்தகைய விதி எவ்வளவு இன்றியமையாததென்பதைக் கட்டாக்காலி மாடுகளைப் பட்டியிலடைக்கும் ஊர்களிற் பிறந்த நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1835ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமையைச் சோதித்த களம் இலிங்கன்சயரிலுள்ள ஸ்ரம்போட் என்னும் சிறு பட்டினம். ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் நாள் அங்கே காளையொன்றைத் தெருவில் அவிழ்த்து விட்டு ஊரெல்லாந் திரண்டு துரத்தும். யோன் மன்னன் காலந் தொட்டு வரும் வழமை என அவ்வூரார் பெருமை பேசினர். கடைகளின் கதவுகள் அடைக்கப்படும். தேவாலய மணி ஒலிக்கும். ஆணும் பெண்ணும் சிறுவரும் தடி கொண்டு ஓடுவர். சங்கத்தார் தம் ஆட்களை அனுப்பினர், வழக்குத் தொடுத்தனர். ஊரார் அசைந்தாரில்லை. பிறவூரார் வந்து தம் பழைய உரிமையைப் பறிப்பதா என்ற சினம் மேலும் அவர்களை ஒன்றுபடுத்தியது. உள்ளூர்க் காவலரோ பெரும்பாலும் அவ்விளையாட்டிலே தாமும் ஓடியவர்கள். 1838இலும் 1839இலும் குதிரைப் படையும் இலண்டன் பொலிசாரும் வந்திறங்கினர். அப்படியிருந்துங் காளை ஓடியது. முடிவில் அவ்வழமையை நிறுத்தியது படையுமன்று, பிரசங்கமுமன்று. படையினர்க்கும் பொலிசாருக்கும் ஆன செலவு ஊரார் தலையிலே வரியாக விழுந்தது. 1840இல், இனி ஓட்டமாட்டோம், படை அனுப்ப வேண்டா என நகரத்தாரே உறுதி கூறினர். உறுதி காக்கப்பட்டது. ஊரார் நெஞ்சம் திருந்திற்றோ, பணப்பை நொந்ததோ என்பது வரலாறு விடையளிக்க இயலாத வினா. ஆயினும் காளைக்கு இரண்டும் ஒன்றே.

1849ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி. வேண்டுமென்றே என்னுஞ் சொல் முந்திய சட்டங்களில் இருந்தது, அது நீக்கப்பட்டது. இதனால், எதிரியின் உள்ளத்தில் என்ன இருந்ததென ஆராய்ந்து நிறுவும் சுமை குறைந்தது. கொடுமையாக என்னும் சொல்லின் பொருள் யாது என்னும் வினாவோ எஞ்சியது. 1889இல் நோர்போக் பகுதி வழக்கொன்றில் அதற்கு விடை கிடைத்தது. விவசாயி ஒருவர் தம் மாடுகளின் கொம்புகளை வேரோடு அறுத்திருந்தார். கொம்பில்லா மாடுகளை நெருக்கமாக அடைத்து வளர்க்கலாம், விலையுங் கூடும் என்பது அவருடைய விடை. கோல்றிட்ஜ் பிரதம நீதியரசரும் ஹோக்கின்ஸ் நீதியரசரும் அதனை ஏற்கவில்லை. செயலின் நோக்கம் தக்கதாயிருந்தால் மட்டும் போதாது. அந்நோக்கத்துக்கும் விலங்கு படும் நோவுக்கும் ஏற்றதோர் அளவுப் பொருத்தம் இருத்தல் வேண்டும் என அவர்கள் தீர்ப்புரைத்தனர். சிறிது இலாபத்துக்காகப் பெரு நோவு விளைத்தல் கொடுமையே. விலங்குவதை பற்றிய ஆங்கிலத் தீர்ப்புகளுள் இதனிலுஞ் சிறந்ததை யாம் அறியோம்.

இத்துணைத் தெளிவான நெறி எல்லார் மேலும் ஒருபடித்தாகப் பாய்ந்ததோ? இல்லை. மன்றத்தில் நின்றோர் பெரும்பாலும் வண்டிக்காரரும் மாடு சாய்ப்போரும் கழுதை வியாபாரிகளும். அவர்கள் தெருவில் அடித்தனர். கண்காணிப்பாளர் தெருவிலே கண்டனர். மாளிகை வேலிக்குள் நிகழ்வதை யார் காண்பர்? ஆராய்ச்சிக் கூடங்களில் உயிருள்ள விலங்கை அறுத்துப் பார்ப்பதை ஒழுங்குபடுத்த 1876இல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன்படி அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளர் மேல் வழக்குத் தொடுப்பதற்கு அமைச்சரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். வண்டிக்காரன் மேல் எவனும் முறையிடலாம். பேராசிரியர் மேல் அமைச்சர் இசைந்தாற் கூடும். நரியை நாய் விட்டு வேட்டையாடுதலோ 2004ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை தடை செய்யப்படவில்லை. விண்டம் கேட்ட கேள்விக்கு விடை வர 200 ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, இந்தியக் கோவையை ஒட்டி, பிறர் விலங்கைக் கொல்லுதலையும் ஊனப்படுத்துதலையும் உடைமைக்கு இழைத்த தீங்காகவே கண்டது. விலங்கின் நோவை நேரே நோக்கியது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குவதைத் தடைக் கட்டளைச் சட்டம். கொடுமையாக அடித்தல், துன்புறுத்துதல், மிகை வேலை வாங்குதல், வதைத்தல் என அது அடுக்கிச் செல்லும் சொற்கள் பெரும்பாலும் 1849ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் சொற்களே. தகாத முறையில் ஏற்றிச் செல்லுதல், பட்டினியால் வாடும் விலங்கை விற்பனைக்கு வைத்தல் முதலியனவும் குற்றங்கள். விலங்கென்பது வீட்டு விலங்கையும் பிடித்தடக்கிய விலங்கையும் குறிக்கும். அடைப்பிலுள்ள பறவை, மீன், ஊர்வன என்பனவும் அடங்கும். காட்டுயிர்களுக்கு 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வேறாக உண்டு.

தண்டம் 100 ரூபா வரை, அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்நாளில் 15 ரூபா ஒரு பவுணுக்குச் சமம். ஆகவே 100 ரூபா என்பது 6 பவுண் 13 சிலினுக்கு மேல்; மாட்டின் விதித்த 5 பவுணிலும் கூடியது. கூலியாளர் பல மாதம் உழைத்தாலும் சேர்த்தற்கரிய தொகை. 1907இல் இயற்றப்பட்ட வேளையில் அது பல்லுள்ள சட்டமாகவே இருந்தது. ரூபாவின் பெறுமதி சரியச் சரியத் தண்டமும் தானே சரிந்தது; அதனைச் சரிவித்ததற்கென எவரும் ஒரு சட்டம் இயற்றவில்லை, கைகட்டிப் பார்த்திருந்ததே போதுமானதாயிற்று. இன்று 100 ரூபா ஒருவருடைய ஒருவேளைச் சோற்றுக்கும் போதாது. இந்தியாவின் நிலையும் இத்தகையதே. கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்கள் அவையில் தனியுறுப்பினர் மசோதாவாகக் கொணர்ந்து, நேரு அளித்த உறுதிமொழியின் பேரில் மீளப் பெற்று, பின்னர் அரசாங்கமே 1960இல் நிறைவேற்றிய சட்டத்தில் முதற் குற்றத்துக்கான தண்டம் 10 ரூபா முதல் 50 ரூபா வரை. தமிழ்ப் பெண்மணி ஒருவரின் பெருமுயற்சியால் விளைந்த அச்சட்டத்தின் எண்களையும் காலம் கரைத்துவிட்டது.

எனினும் தண்டத்தின் சிறுமையையே முழுக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. 100 ரூபா பெரும்பணமாயிருந்த காலத்திலும் நம் ஊர்களிலிருந்து மன்றேறியோர் எத்துணையர்? முறையிடும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எவர்க்கும் உண்டு. ஆயின் இங்கிலாந்துச் சட்டத்தின் சொற்கள் கப்பலேறி வந்தனவேயன்றி, மாட்டினும் புறூமும் வந்தாரில்லை. நம் கிராமத்தில் மாட்டை அடிப்பவன் அயலவன், அல்லது உறவினன். நாளை வயலில் உதவிக்கு வர வேண்டியவன். அவனை மன்றேற்றினால் ஏழு தலைமுறைக்குப் பகை. சாட்சி சொல்லப் பல தவணைக்கு அலைய வேண்டும். வழக்கு முடியும் வரை சான்றுப் பொருளாகிய மாட்டுக்குத் தீன் போடுவது யார் என்னும் வினா வேறு எழும். சட்டம் மருத்துவச் சாலை பற்றிப் பேசியது உண்மையே, சாலை எங்கே?

வழமையும் ஒரு தடை. வண்டிற் சவாரித் திடலிலே ஆணி பொருத்திய துவரங்கம்பாற் குத்தப்படும் காளையைக் கண்டு ஆயிரவர் ஆரவாரிக்கும்போது அவருள் ஒருவன் மட்டும் பொலிஸ் நிலையத்துக்கு நடப்பானோ? அவ்வாறு நடந்தவனை ஊர் எவ்வாறு நோக்கும்? ஸ்ரம்போட் நகரத்தை இங்கு நினைத்துக் கொள்க. சவாரி நம் பண்பாட்டின் ஒரு கூறு; அதனை ஒழிக்க வேண்டுமென யாம் கூறவில்லை. கம்பு வேறு, ஆணி வேறு. 1889ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலைக் கையிற் கொண்டால் எது தகும், எது தகாது என்பதைத் திடலிலே நின்று தீர்மானித்தல் கடினமன்று.

கோயில் வேள்வி பற்றிய வழக்கு இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு. உயிர்ப்பலி சைவத்துக்கு ஒவ்வாதென நாவலர் (1822 - 1879) தம் வாழ்நாளெல்லாம் கண்டித்துப் பேசியும் எழுதியும் வந்தார். பல ஆலயங்களில் அது நின்றது. சிலவற்றில் நில்லாது தொடர்ந்தது. அவர் கையாண்டது சொல்லின் வலிமையை, மன்றத்தின் வலிமையையன்று. அவர் மறைந்து ஏறக்குறைய 140 ஆண்டுகளின் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டு வைரவர் ஆலயமொன்றின் ஆடு வெட்டும் வேள்வியை எதிர்த்துச் சைவ அமைப்பொன்று மேல் நீதிமன்றத்தை நாடியது. 2017 ஒக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் உயிர்ப்பலியைத் தடை செய்து தீர்ப்பளித்தது. வேள்வியை வழிவழி வந்த வழிபாட்டுரிமையாகக் கொண்டோர்க்கு அத்தீர்ப்பு உவப்பாயிருக்கவில்லை என்பதும், இறைச்சிக் கடையில் நாள்தோறும் வெட்டப்படும் ஆட்டைப் பற்றிப் பேசாதார் கோயில் ஆட்டைப் பற்றி மட்டும் பேசுவதேன் என அவர்கள் கேட்டதும் ஈண்டு குறிப்பிடத்தக்கன. விண்டத்தின் குரலே நம்மூர்த் தமிழில் மீண்டும் கேட்கின்றது. வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியது இன்னொன்று: இவ்வழக்கு எழுந்தது புதிய சட்டம் வந்தமையாலன்று, முறையிட ஒருவர் முன்வந்தமையாலேயே.

1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதியதொன்று வேண்டுமென்பது அரசும் உடன்பட்ட செய்தியே. சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்து கொடுத்தது. கொடுமை செய்யாதிருத்தல் மட்டுமன்றி, உணவும் நீரும் உறைவிடமும் அளித்துப் பேணுதலும் வளர்ப்பவன் கடமை என்பது அதன் அடிப்படை. அதே 2006இல் இங்கிலாந்தும் இதே அடிப்படையிற் புதுச் சட்டம் செய்து கொண்டது. 2021இல் அங்கு உயர்ந்த பட்சச் சிறைத்தண்டனை 6 மாதத்திலிருந்து 5 ஆண்டாக உயர்த்தப்பட்டது. நம் சட்டமூலம் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கெனவே ஓர் அதிகார சபையை நிறுவுதல் வேண்டுமென்றது. அயலவனின் பகைக்கு அஞ்சாது முறையிடச் சம்பளம் பெறும் அலுவலர் இருப்பர் என்பது இதன் பொருள். 2010இல் அது தனியுறுப்பினர் மசோதாவாகப் பாராளுமன்றம் புகுந்தது. 2016 தொடக்கத்தில் அமைச்சரவையின் ஒப்புதலும் பெற்றது. 2020களின் தொடக்கம் வரையிலும் அது சட்டமாகவில்லை. நீதவான்கள் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தைக் கொண்டே 100 ரூபாவுக்கு மேற்படாத தண்டம் விதித்து வந்தனர்.